அறுவை சிகிச்சை மருத்துவமனையில், குணமாவது வீட்டில்

ஒரு கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்பை வெட்டி எடுத்து, வடிவம் மாற்றி, மறுபடியும் பொருத்தும் அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் குழந்தை குணமடைய வாரங்கள் ஆகும். எல்லாம் சரியாக வளர்கிறதா என்று மருத்துவர்கள் கண்காணிப்பது ஆண்டுக்கணக்கில் தொடரும். இந்தக் காலத்தில் மிகச் சிறிய பகுதிதான் மருத்துவமனைக் கட்டிலில் கழிகிறது. மீதியெல்லாம் வீட்டுத் தொட்டிலில், அம்மாவின் மடியில், பாட்டியின் தோளில் கழிகிறது.

ஆகவே வீட்டில் இருப்பவர்களின் அறிவியல் அறிவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்பது என் கருத்து. அந்த அறிவு இல்லாத வீட்டில், அறுவை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் குடும்பம் தேவையில்லாத அச்சத்தில் தவிக்கும். உண்மையான ஆபத்து வரும்போது அதைக் கவனிக்காமலும் விட்டுவிடும்.

இதை மாணவர்களுக்கான பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தம்பி தங்கையோ, அக்காவின் குழந்தையோ இப்படி ஓர் அறுவை முடிந்து வீடு திரும்பும்போது, அந்த வீட்டில் அண்மையில் அறிவியல் பாடம் படித்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

பல துண்டுகளாக ஒரு மண்டையோடு

பிறக்கும் குழந்தையின் மண்டையோடு ஒரே கிண்ணமாக இருப்பதில்லை. நெற்றியில் இரண்டு, உச்சியின் இரு புறமும் இரண்டு, பின்தலையில் ஒன்று, காதோரம் பக்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனி எலும்புத் தகடுகளாக இருக்கிறது. தகடுகளுக்கு இடையே நார்த்திசுவாலான கோடுகள் ஓடுகின்றன. துணியில் போட்ட தையலைப் போல் தெரிவதால் அவற்றைத் தையல் மூட்டுகள் என்கிறோம். அவை சந்திக்கும் இடங்களில் எலும்பே இல்லாத மெத்தென்ற இடைவெளிகள் உண்டு. நெற்றிக்கு மேலே துடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்த உச்சிக்குழி இப்படிப்பட்ட ஓர் இடைவெளிதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும்.

இந்த அமைப்பால் இரண்டு பயன்கள். பிறக்கும்போது தகடுகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால் தலை குறுகிய வழியில் வெளியே வர முடிகிறது. பிறந்த பிறகு, மூளை வளர வளர மண்டையோடும் விரிந்து இடம் கொடுக்கிறது.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதை ஓர் அளவு நாடா சொல்லிவிடும். பிறக்கும்போது குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 செ.மீ. முதல் பிறந்தநாளில் அது ஏறத்தாழ 46 செ.மீ. ஆகிவிடுகிறது. ஒரே ஆண்டில் 11 செ.மீ.! அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் கூடுவதும் ஏறத்தாழ அதே அளவுதான். முதல் ஆண்டில் மூளையின் அளவு இரு மடங்குக்கு மேல் பெருகுகிறது. அதற்கு ஈடுகொடுக்கத்தான் அந்தக் கோடுகள் திறந்திருக்க வேண்டும்.

முன்கூட்டியே மூடினால்

சில குழந்தைகளுக்கு இந்தக் கோடுகளில் ஒன்றோ பலவோ பிறப்பதற்கு முன்பே எலும்பாகி ஒட்டிக்கொள்கின்றன. இதன் பெயர் கிரேனியோசினோஸ்டோசிஸ். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது.

1851-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ இதிலுள்ள ஓர் ஒழுங்கைக் கண்டறிந்து எழுதினார். ஒரு கோடு ஒட்டிக்கொண்டால், அந்தக் கோட்டுக்குக் குறுக்கான திசையில் மண்டையோடு வளர முடியாது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு எங்காவது இடம் வேண்டும் அல்லவா? அதனால் திறந்திருக்கும் மற்றக் கோடுகளின் வழியாக வேறு திசையில் மண்டையோடு நீளும். உச்சியில் முன்னும் பின்னுமாக ஓடும் கோடு மூடினால், தலை அகலமாக வளராமல் கவிழ்த்த படகைப் போல் நீளமாகிறது. இந்த நோயில் ஏறத்தாழ பாதி இந்த வகைதான். ஆண் குழந்தைகளிடம் அதிகம். ஒரு பக்க நெற்றிக்கு மேலுள்ள கோடு மூடினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகும். நெற்றியின் நடுக்கோடு மூடினால் நெற்றி முக்கோணமாகக் கூர்மை பெறும்.

"இது வெறும் அழகுப் பிரச்சினைதானே, இதற்காகக் குழந்தையின் தலையில் கத்தி வைக்க வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரே கோடு மூடிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளை நன்றாகவே வளர்கிறது. ஆனால் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுகிறது. பல கோடுகள் மூடியிருந்தால் இந்த ஆபத்து மேலும் அதிகம். நீடித்த அழுத்தம் பார்வை நரம்பையும் வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும். யாருக்கு அப்படி ஆகும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் மருத்துவர்கள் காத்திருக்கத் தயங்குகிறார்கள்.

பாட்டியின் கையும் அறிவியலின் சோதனையும்

நம் வீடுகளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலையை இரு கைகளாலும் பிடித்து உருட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. "தலை கொஞ்சம் கோணலாக இருந்தது, நான் பிடித்துப் பிடித்து உருண்டையாக்கினேன்" என்று எத்தனையோ பாட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கோணல் இருந்ததும் உண்மை, பிறகு சரியானதும் உண்மை. பிடித்ததால்தான் சரியானதா என்பதுதான் கேள்வி.

பிறக்கும்போது நசுங்கி நீண்ட தலை, யாரும் தொடாவிட்டாலும் சில நாட்களில் அல்லது வாரங்களில் தானே உருண்டையாகிவிடும். அதனால் தலையைப் பிடித்துவிடுவது பெரும்பாலும் வெற்றி பெற்றதுபோல் தோன்றும். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. ஆய்வுக்கூடத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று ஒன்று வைத்து ஒப்பிடுகிறீர்களே, அது இதற்காகத்தான்.

இந்தச் சோதனை பாட்டிக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவமும் தன்னைத்தானே இப்படிச் சோதித்துக்கொள்கிறது. 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்காமல், மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்கவைத்துத் தூங்கவைக்கும்படி பரிந்துரைத்தது. தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அதன்பின் பாதிக்கும் கீழே குறைந்தன. ஆனால் ஒரே பக்கம் படுத்துப் பின்தலை தட்டையான குழந்தைகள் அதிகமானார்கள். இந்தத் தட்டைத் தலையில் கோடுகள் மூடியிருப்பதில்லை, நோயே வேறு. இதைச் சரிசெய்யச் சிறப்புத் தலைக்கவசங்கள் விற்பனைக்கு வந்தன. 2014-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தட்டைத் தலையுள்ள 84 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கவசம் அணிவித்து, மறுபிரிவை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வயதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பாட்டியின் கையிடம் கேட்ட அதே கேள்வியை விலை உயர்ந்த கவசத்திடமும் அறிவியல் கேட்கிறது.

ஆனால் கோடு ஒட்டிக்கொண்ட தலை இப்படித் தானாகச் சரியாவதில்லை. அங்கே இருப்பது எலும்பு. எவ்வளவு பிடித்துவிட்டாலும் அது பிரியாது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் நூறு வீடுகளில் பலித்திருக்கலாம். இந்த ஒரு வீட்டில் அது விலைமதிப்புள்ள நேரத்தைத் தின்றுவிடும். ஏனென்றால் மூன்று, நான்கு மாத வயதுக்குள் கண்டுபிடித்தால் சிறு வெட்டுகளின் வழியே, எண்டோஸ்கோப் எனும் குழாய்க் கேமராவின் உதவியுடன் செய்யும் சிறிய அறுவைக்கு வாய்ப்புண்டு. அதன்பின் சில மாதங்கள் கவசம் அணிய வேண்டும். காலம் கடந்தால் பெரும்பாலும் பெரிய அறுவைதான் வழி.

நம் நாட்டின் அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் தரப்படும் குழந்தை நலப் பதிவேட்டில் தலைச் சுற்றளவைக் குறிக்கும் பக்கம் இருக்கிறது. எடையையும் தடுப்பூசித் தேதியையும் பார்க்கும் நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. அளவோடு வடிவத்தையும் கவனிக்க வேண்டும். உச்சிக்குழி திறந்திருக்கிறது என்பதால் மட்டும் நோய் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஐயம் இருந்தால் தாதியிடமோ மருத்துவரிடமோ கேட்டுவிடுவதே முறை.

அறுவை அறைக்குள்

இத்தகைய அறுவைகள் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், சிங்கப்பூரில் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனையிலும் நடக்கின்றன. நரம்பியல் அறுவை மருத்துவர், முக, மண்டையோட்டுச் சீரமைப்பு மருத்துவர், மயக்க மருந்து வல்லுநர், தாதியர் என ஒரு குழுவே சேர்ந்து இயங்கும்.

பெரிய அறுவை பெரும்பாலும் 6 மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையே செய்யப்படுகிறது. ஒரு காதிலிருந்து மறுகாது வரை தலையின் மேல் வெட்டுகிறார்கள். பல மருத்துவர்கள் அதை நேர்கோடாக வெட்டாமல் வளைந்து வளைந்து வெட்டுவார்கள். பிறகு முடி வளரும்போது தழும்பு வகிடுபோல் தெரியாமல் மறைந்துவிடும். எலும்புத் தகடுகளை எடுத்து, வெட்டி, வளைத்து, புதிய வடிவில் அடுக்கிப் பொருத்துகிறார்கள்.

இங்கே மிகப் பெரிய கவலை இரத்தம். 8 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் மொத்த இரத்தம் 600 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும். இரண்டு குளிர்பான டின்களின் அளவுகூட இல்லை. பெரியவர் ஒருவர் 100 மில்லிலிட்டர் இரத்தத்தை இழந்தால் அவருக்கு அது ஐம்பதில் ஒரு பங்கு. குழந்தைக்கோ ஆறில் ஒரு பங்கு. அதனால் பல குழந்தைகளுக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. இரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தும் பயன்படுகிறது. 1962-இல் அதைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானிய இணையரான உத்தாகோ ஒகமோத்தோவும் ஷோசுகே ஒகமோத்தோவும். முன்பின் அறியாத ஒருவர் இரத்த வங்கியில் படுத்துக் கொடுத்த இரத்தம், யாரோ பெற்ற பிள்ளையை இப்படிக் காப்பாற்றுகிறது. மலேசியாவில் 17 வயதானவர்கள் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு இரத்த தானம் செய்யலாம் என்பதை ஐந்தாம் படிவ மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருத்திய எலும்புகளை முன்பெல்லாம் உலோகக் கம்பிகளும் தகடுகளும் பிடித்திருந்தன. வளரும் மண்டையோட்டில் உலோகம் ஒரு தொல்லை. எலும்பு வெளிப்பக்கம் சேர்ந்து உட்பக்கம் கரைந்து வளர்வதால், வெளியே வைத்த தகடு நாளடைவில் உள்ளே போய்விடும். 1990-களிலிருந்து கரையும் தகடுகள் புழக்கத்துக்கு வந்தன. லாக்டிக் அமில மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த ஒருவகைப் பல்லுறுப்பி அது. உடலின் நீரே அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக்கும். ஓரிரு ஆண்டுகளில் அது கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறி வெளியேறிவிடும். எலும்புகளுக்கிடையே விட்ட இடைவெளிகள்? கைக்குழந்தையின் மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறைக்குப் புதிய எலும்பை உண்டாக்கும் திறன் இருக்கிறது. வயது ஏற ஏற அந்தத் திறன் குறைந்துவிடும். சிறுவயதிலேயே அறுவை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகம் வீங்கும் மூன்று நாள்

அறுவை நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் குடும்பத்துக்குப் பெரிய அதிர்ச்சி காத்திருக்கிறது. மறுநாள் குழந்தையின் முகம் வீங்கத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். இமைகள் வீங்கி இரு கண்களும் முற்றிலும் மூடிக்கொள்ளலாம். நேற்றுவரை சிரித்த பிள்ளைக்கு அம்மாவின் முகம் தெரியாது. அது அழும். பெற்றவர்கள் அதைவிட அதிகமாக அழுவார்கள்.

இது வெட்டிய திசுக்களில் நீர் சேர்வதால் வருவது. நீர் புவியீர்ப்பால் கீழே இறங்கி, தோல் மெல்லிதாகத் தளர்ந்திருக்கும் கண்ணிமைகளில் தேங்குகிறது. தலைப் பக்கத்தை உயர்த்திப் படுக்கவைப்பது இதனால்தான். சில நாட்களில் வீக்கம் வடியும், கண் திறக்கும். "கண் போய்விட்டதோ" என்று துடிக்கும் குடும்பமும், "மூன்றாம் நாள் இப்படித்தான் இருக்கும், பிறகு வடிந்துவிடும்" என்று தெரிந்த குடும்பமும் ஒரே குழந்தையைத்தான் பார்க்கின்றன. ஆனால் இரண்டாவது குடும்பத்தால் அந்தக் குழந்தையிடம் அமைதியாகப் பேச முடிகிறது, தாலாட்டுப் பாட முடிகிறது. கண் மூடியிருக்கும் குழந்தைக்குத் தெரிந்த குரலைவிட வேறு என்ன துணை வேண்டும்?

வீடு திரும்பிய பிறகு

பெரிய அறுவையானால் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உண்மையான தேர்வு அதற்குப் பிறகுதான். ஒன்றிரண்டு வாரங்களுக்குக் குழந்தை இரவில் அடிக்கடி விழித்து அழலாம். தலையில் தொட்டால் மேடு பள்ளமாக இருக்கும். சில இடங்கள் மெத்தென்றிருக்கும். எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை.

எதிர்பார்க்கக் கூடாதவை வேறு. காய்ச்சல், காயம் சிவந்து சீழ் வைத்தல், காயத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர்போல் தெளிந்த நீர் கசிதல், நிற்காத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், தலையில் அடி படுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காயத்தில் மஞ்சள், திருநீறு, எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. கண்ணேறு படாமலிருக்க மைப் பொட்டு வைக்கத்தான் வேண்டும் என்றால், காயத்தை விட்டுத் தள்ளி, கன்னத்திலோ உள்ளங்காலிலோ வைக்கச் சொல்லுங்கள். பாட்டியின் மனமும் நோகாது. பத்துமலையில் முடி இறக்குவதாக வேண்டுதல் இருந்தால், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அதைத் தள்ளிவையுங்கள். வலி மருந்தின் அளவைக் குழந்தையின் எடையைக் கொண்டு கணக்கிட்டிருப்பார்கள். அழுகிறதே என்று ஒரு மூடி கூடுதலாக ஊற்றக் கூடாது.

சிறிய அறுவை செய்து கவசம் அணிந்த குழந்தையாக இருந்தால் வேலை இன்னும் கூடும். நாளுக்கு ஏறத்தாழ 23 மணி நேரம் கவசம் தலையில் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் தலை வியர்த்து நனைந்துவிடும். குளிப்பாட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் கவசத்தைத் துடைத்து உலர்த்தி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மாட்ட வேண்டும். "பாவம், பிள்ளைக்கு வேர்க்கிறது, கழற்றிவிடு" என்று இரக்கப்பட்டுச் சொல்பவர்கள் உண்மையில் சிகிச்சையைக் கழற்றச் சொல்கிறார்கள். தட்டைத் தலைக்கான கவசத்தைச் சோதித்த நெதர்லாந்து ஆய்வை இங்கே கொண்டுவந்து சேர்க்கவும் கூடாது. இது வேறு நோய். இங்கே அறுவைக்குப் பின் தலைக்கு வடிவம் கொடுக்கும் வேலையில் பாதியைக் கவசம்தான் செய்கிறது.

இத்தனையையும் யார் செய்வது? மலேசியாவில் மகப்பேறு விடுப்பு 98 நாள். தந்தைக்கு 7 நாள். பெரிய அறுவை நடப்பதோ ஆறு மாதத்துக்குப் பிறகு. அதாவது குழந்தைக்குப் பெற்றோர் மிகவும் தேவைப்படும் வாரங்களில் இருவரின் விடுப்பும் எப்போதோ முடிந்திருக்கும். ஆண்டு விடுப்பையும் சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்து ஒட்டுப்போட்டுத்தான் குடும்பங்கள் சமாளிக்க வேண்டும். பெரிய அறுவை முடிந்த குழந்தையின் பெற்றோருக்குத் தனி விடுப்பு வேண்டும் என்பது என் வாதம். சட்டம் மாறும்வரை அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் உறவினரும் அண்டை வீட்டாரும்தான்.

"நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வி

அவர்கள் பல நேரங்களில் என்ன செய்கிறார்கள்? கேள்வி கேட்கிறார்கள். கிரகணத்தின்போது வெளியே போனாயா, மாசமாக இருக்கும்போது எங்காவது இடித்துக்கொண்டாயா, குழந்தையை ஒரே பக்கமாகப் படுக்கவைத்தாயா என்று எல்லாக் கேள்விகளும் தாயை நோக்கியே வருகின்றன.

அறிவியலின் பதில் தெளிவானது. சில குழந்தைகளுக்கு எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 போன்ற ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றம் காரணம். அது பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. மற்றப் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. கிரகணத்துக்கு இதில் இடமில்லை. ஒரே பக்கம் படுக்கவைத்தால் தலை தட்டையாகலாம், கோடு ஒட்டிக்கொள்ளாது. இரவெல்லாம் விழித்துக் காயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்பது கொடுமை மட்டுமன்று, தவறான அறிவியலும்கூட.

பெரியவர்களின் வழக்கங்களையெல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. தாயை ஓய்வெடுக்க வைப்பது, பத்தியம் பார்த்துச் சமைத்துக் கொடுப்பது, குழந்தையைக் கைமாற்றி வைத்துக்கொள்வது எல்லாம் நம் வழக்கங்கள்தான். அறுவைக்குப் பின் ஒரு குடும்பத்துக்கு வேண்டியவையும் இவையே. தூக்குச் சட்டியில் சூடான ரசமும் சோறும் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டு, "நான் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு" என்று சொல்லும் அத்தை, பத்துக் கேள்வி கேட்கும் உறவினரைவிட மேலானவர். சளி இருமல் உள்ளவர் வராமலே இருப்பதும் ஓர் உதவி.

உங்களால் ஆகக்கூடியவை

முதலாவது, மொழிபெயர்ப்பு. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் குறிப்புத் தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும் என்றால், அந்தத் தாள் இருந்தும் இல்லாததுபோல்தான். மூன்று மொழியும் தெரிந்த நீங்கள் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடலாம். கவனமாக எழுதுங்கள். "குழந்தை அதிகம் தூங்கினால்" என்று எழுதினால், "அறுவை முடிந்த பிள்ளை தூங்கட்டும்" என்று பாட்டி விட்டுவிடுவார். "எழுப்பினாலும் கண் திறக்காவிட்டால், பால் குடிக்காவிட்டால்" என்று எழுதினால் உடனே கூப்பிடுவார். ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது. எழுதியதை அப்பாவிடமோ தாதியிடமோ ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைகளும் இந்தத் தாளைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும் என்றால், நாம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பதிவு. மருந்து கொடுத்த நேரம், உடல் வெப்பநிலை, குடித்த பாலின் அளவு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். இரவு 2 மணிக்கு அம்மா கொடுத்தாரா, அப்பா கொடுத்தாரா என்ற குழப்பத்தில் ஒரே மருந்தை இரண்டு முறை கொடுப்பது தவிர்க்கப்படும். மறுபரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரும் "பரவாயில்லை" என்ற பதிலைவிட உங்கள் நோட்டைத்தான் நம்புவார்.

மூன்றாவது, கட்டுப்பாடு. கட்டுப்போட்ட தலையோடும் வீங்கிய முகத்தோடும் இருக்கும் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பிலோ டிக்டாக்கிலோ போடாதீர்கள். பெற்றோர் மருத்துவருக்குக் காட்ட எடுக்கும் படம் வேறு; ஊர் பார்க்கப் போடும் படம் வேறு. "வேண்டாம்" என்று சொல்லும் வயது அந்தக் குழந்தைக்கு இல்லை. உங்கள் வயதுக்கு அது வரும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும்.

நான்காவது, பார்வை. பேரங்காடியிலோ கோயிலிலோ கவசம் அணிந்த ஒரு குழந்தையைப் பார்த்தால் உற்றுப் பார்க்காதீர்கள், "ஐயோ பாவம்" என்று சொல்லாதீர்கள். மற்றக் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரியுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்: தகடுகள் மெல்லக் கரைகின்றன அல்லது கவசம் வழிகாட்டுகிறது, இடைவெளிகளில் எலும்பு நிரம்புகிறது, மூளை தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்கிறது.

எலும்புக்கூட்டின் படத்தில் தையல் மூட்டு என்று அம்புக்குறி போட்டு எழுதினால் தேர்வில் ஒரு மதிப்பெண் கிடைக்கும். அதே அறிவு, இரவு 2 மணிக்கு அழும் ஒரு குழந்தையைச் சுற்றி நிற்கும் குடும்பத்துக்கு, எது இயல்பு, எது ஆபத்து என்று சொல்ல உதவினால், அதற்காகத்தான் அதைப் படித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.